பிச்சாவரம்: படகிலிருந்து தெரியாத காடு

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் 15 கிலோமீட்டர் சொச்சம். பிச்சாவரம் படகுத்துறையில் சீட்டு வாங்கும் இடத்தில் இரண்டு கேள்வி வரும்: எத்தனை பேர்? துடுப்புப் படகா, மோட்டார் படகா? நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தண்ணீர் இப்போது ஏறுகிறதா, வற்றுகிறதா?

கேட்டுப் பாருங்கள், துடுப்புக்காரர் முகம் கொஞ்சம் மலரும். "வத்தம் சார். இன்னும் ரெண்டு மணி நேரத்துல வேரெல்லாம் வெளிய தெரியும்" என்பார். ஏற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நேரத்தில், போனால் படகு குறுகலான வாய்க்கால்களுக்குள் தாராளமாக நுழையும். கிளைகள் தலையில் இடிக்கும், குனிந்துகொண்டே போக வேண்டும். வற்றத்தில் போனால் அவ்வளவு உள்ளே போக முடியாது. ஆனால் காடு எதன் மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். கறுத்த சேறு, அதில் வளைந்து ஊன்றியிருக்கும் முட்டு வேர்கள், வேர்களில் அப்பியிருக்கும் சிப்பிகள், சேற்றுக்குள் சட்டென்று மறையும் நண்டுகள். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். குஜராத் கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இந்த முழங்கால் அளவுத் தண்ணீர் வந்து போவதில்தான் பிச்சாவரத்தின் உயிர் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடலாம். பிச்சாவரத்தை "உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு" என்று எழுதாத சுற்றுலாக் குறிப்பு கிடையாது. பொது அறிவு வினா விடைகளில்கூட வந்துவிட்டது. இது உண்மையில்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாகப் பரந்து கிடக்கும் சுந்தரவனம் ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். பிச்சாவரம், 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது சொல்லப்பட்ட கணக்குப்படி, 1,478 ஹெக்டேர் சொச்சம். அதாவது 15 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஒடிசாவின் பித்தர்கனிகாவும் ஆந்திரத்தின் கோதாவரி முகத்துவாரக் காடும் இதைவிடப் பெரியவை. தமிழ்நாட்டிலேயே முத்துப்பேட்டை ஈரநிலம் இதைவிடப் பல மடங்கு விரிந்தது. சின்னக் காடு என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை. சின்னது என்பதால்தான் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவில் இருக்கிறது இந்தக் கழி, அதாவது உப்பங்கழி. கிழக்கே ஒரு மணல் திட்டு கடலுக்கும் கழிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது. சின்னவாய்க்கால் பக்கம் உள்ள முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் வருகிறது. மேற்கே வயல்களிலிருந்து வடியும் நீர் உப்பனாறு, கான்சாகிப் வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் கழித் தண்ணீரில் உப்பு நன்றாகக் குறைந்துவிடும். சித்திரை, வைகாசியில் கடல் தண்ணீரையே எட்டிவிடும். இந்த இரண்டையும் தாங்குகிற மரம்தான் இங்கே பிழைக்கும்.

எந்த மரங்கள்? படகில் போகிறவர் கண்ணுக்கு நிறைவது சுரபுன்னை. அந்த வளைந்த முட்டு வேர்கள் இதற்குத்தான். உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடும். விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகு விழுகிறது. சேற்றில் குத்திக்கொண்டால் அங்கேயே வேர் விடும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறு எங்கேயாவது கரை ஒதுங்கும். படகுக்காரர்கள் தவறாமல் காட்டுவது இதைத்தான். இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து உருவான கலப்பினம் ஒன்று இங்கே கண்டறியப்பட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையொட்டித் தாவரவியல் பெயர் பெற்றிருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றின் அக்கரையில் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது; இந்தக் காட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் சுரபுன்னை பிச்சாவரத்தின் ஓரம் மட்டுமே. வாய்க்காலின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்கு ஒரு சரிகைக் கரை போல நிற்கிறது. அதைத் தாண்டிப் பின்னால் போனால் வேறு காடு. அங்கே வெண்கண்டல் நிற்கிறது. பரப்பளவில் பிச்சாவரத்தின் பெரும்பகுதி அதுதான். அதற்கு முட்டு வேர் கிடையாது. சேற்றிலிருந்து பென்சில் முனைகளை நட்டு வைத்தது போல மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். வெயில் நேரத்தில் ஓர் இலையைப் பறித்து மேல்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது மரம். படகில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வருகிறவருக்கு இந்த மரத்தைப் பார்த்த நினைவே இருக்காது. சுரபுன்னைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

தில்லையும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த அதே மரம், நடராசர் கோயிலின் தலமரம். ஊரில் இன்று தில்லைக் காடு கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் விறகு வெட்டுகிறவர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். கழிமுகத்துச் சேற்றில் வளரும் ஒரு மரம், கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஊருக்குப் பெயராக இருப்பதே ஒரு காலத்தில் இந்த உவர்க்காடு எதுவரை பரவியிருந்திருக்கும் என்ற யோசனையைக் கிளப்புகிறது.

இப்போது நடுக்காட்டுக்கு வரலாம். கதை அங்கேதான் நடந்தது.

பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்து வந்தார்கள். ஒரு கூறில் உள்ள மரங்கள் மொத்தமும் வெட்டி விற்கப்படும். இருபது, முப்பது வருடத்தில் மறுபடி வளர்ந்துவிடும், அப்போது திரும்ப வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டில் ஓரளவு எடுபடுகிற கணக்கு அது. இங்கே எடுபடவில்லை. மரம் போனதும் சேறு நேரே வெயிலுக்கு வந்தது. அதிலிருந்த ஈரம் வற்றியது. ஈரம் போன சேறு சுருங்கித் தாழ்ந்தது. சுற்றிலும் ஓரம் மேடாக, நடுவே பள்ளமாக, ஒரு தாம்பாளம் போல ஆனது நிலம்.

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? பெரிய ஏற்றத்திலோ மழை வெள்ளத்திலோ உள்ளே புகுந்த தண்ணீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. கோடையில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. அடுத்த வருடமும் அப்படியே. உப்பு ஏறி ஏறிக் கண்டல் (அலையாத்தி மரங்களுக்குப் பொதுப்பெயர்) விதைகூட முளைக்க முடியாத அளவுக்குப் போனது. கடைசியில் அங்கே மிஞ்சியது உமரிப் பூண்டும் வெள்ளைப் பொருக்கும்தான். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் தினமும் இரண்டு வேளை தண்ணீர் வந்து கழுவிவிட்டுப் போனதால் மரங்கள் பச்சையாகவே இருந்தன. ஆக, அந்தக் காலத்திலும் படகில் வந்தவர் அடர்ந்த காட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பியிருப்பார். இருபுறமும் பச்சைச் சுவர். அதற்குப் பின்னால் பொட்டல்.

பொட்டலுக்குப் பழி யார் மேல் விழுந்தது என்பது இன்னொரு கதை. ஊர்க்காரர்கள் மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட விளக்கம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மாடு கண்டல் தழையைக் கடிக்கத்தான் செய்யும். ஆனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே வேலையைத் தொடங்கி, மண்ணின் உப்பையும் நிலத்தின் மட்டத்தையும் அளந்து பார்த்தபோது முதன்மைக் காரணமாக நின்றது அந்தப் பழைய மொட்டையடிப்புத்தான். வேலியும் காவலும் போட்டு மட்டும் தீராத சிக்கல் இது. தேங்கிய தண்ணீருக்கு வழி வெட்ட வேண்டும்.

வெட்டினார்கள். இயற்கையான கழியிலிருந்து ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும் என்பதால் மீன்முள் வாய்க்கால் முறை என்றே பெயர் வந்தது. வாய்க்காலைச் செங்குத்தாக வெட்டாமல் மேலே அகலமாக, கீழே குறுகலாக, கரைகள் சரிவாக இருக்கும்படி வெட்டினார்கள். கண்டல் கன்றை நட்டது அந்தச் சரிவின் நடுவில். உச்சியில் நட்டால் ஏற்றத் தண்ணீர் எட்டாது, அடியில் நட்டால் மூழ்கியே செத்துவிடும். ஒரு மீட்டர் ஏற்றம்கூட இல்லாத கரையில் ஒரு சாண் மேலே கீழே ஆனாலும் கன்று பிழைப்பது சந்தேகம். வாய்க்கால் வந்ததும் தண்ணீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு கரைந்து வெளியேறியது, கன்று பிடித்தது. வனத்துறையும் ஊர்க் குழுக்களும் சேர்ந்து செய்த வேலை இது. 1986-க்கும் 2002-க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வில் பிச்சாவரத்தின் மரப்பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருந்தது.

படகில் போகும்போது இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இயற்கையாக உண்டான கழி ஒருபோதும் நேராகப் போகாது. பாம்பு போல நெளியும். பச்சைச் சுவரில் ஓர் இடைவெளி தெரிந்து, உள்ளே கோடு போட்டாற்போல நேராக ஒரு தண்ணீர்ப் பாதை போனால், அது மனிதன் வெட்டியது. துடுப்புக்காரரிடம் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அதனுள் பார்த்தால் கடைசியில் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம்தான் பழைய பொட்டல். இப்போது அங்கேயும் மரம் நிற்கலாம். நிற்காமலும் இருக்கலாம், ஏனென்றால் இந்த வாய்க்கால்கள் தூர்ந்துபோகும். தூர் வாராமல் விட்டால் சில வருடங்களில் மறுபடி தாம்பாளம்தான். மரம் நட்டு மாலையோடு படம் எடுத்துக்கொள்ள நிறையப் பேர் வருவார்கள். பத்து வருடம் கழித்துத் தூர் வாருவதற்கு வருகிறவர் குறைவு.

தலைக்கு மேல் ஒரு சிக்கலும் இருக்கிறது. கழிக்கு நன்னீரும் வேண்டும். காவிரியிலும் வெள்ளாற்றிலும் மேலே மேலே அணைகளும் தடுப்புகளும் வந்த பிறகு, மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் வந்து சேரும் நன்னீர் குறைந்துவிட்டது. நன்னீர் அதிகம் கேட்கும் கண்டல் இனங்கள் சில இங்கிருந்து மறைந்தே போயின. உப்புக்கு அஞ்சாத வெண்கண்டல் இந்தக் காட்டில் இவ்வளவு இடம் பிடித்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. மீன்முள் வாய்க்கால் எத்தனை வெட்டினாலும் கொள்ளிடத்தில் வராத தண்ணீரை அது கொண்டுவராது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் பிச்சாவரத்தின் பெயர் உலகம் முழுக்கப் போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிய சேதமில்லாமல் தப்பின. திறந்த கடலுக்கு எதிரே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் சிதைந்தன. அடுத்த வருடமே அறிவியல் இதழ்களில் கட்டுரைகள் வந்தன: கடலூர் மாவட்டக் கரையில் மரம் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றன. சங்கப் பாடல்கள் நெய்தல் நிலத்து ஊரைச் சொல்லும்போது "கண்டல் வேலி" என்ற தொடரைப் பயன்படுத்துவதை எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்ற பெயர் விளக்கமும் மேடைதோறும் ஒலித்தது.

ஆனால் 2006-இல் வேறு சிலர் அதே புள்ளிவிவரங்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளியும் சற்று மேடாகவும் இருக்கிறது. சேதம் குறைந்ததற்கு அந்தத் தூரமும் உயரமுமே பெரும்பாலான விளக்கத்தைக் கொடுத்துவிடுகின்றன, மரத்தின் பங்கைத் தனியே பிரிக்க முடியவில்லை என்றார்கள். எனக்கு இந்த வாதத்தை ஒதுக்க முடியவில்லை. மரம் அலையின் வேகத்தைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் எம்.ஜி.ஆர். திட்டில் நடந்ததை மரத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியில்லை. அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, ஓட இடமே இல்லை. தப்பியவர்கள் பிறகு கரைப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். கண்டல் வேலி இருக்கிறதே என்று கடலோரத்திலேயே வீடு கட்டச் சொன்னால் அது வேலிக்கும் கெடுதல், வீட்டுக்கும் கெடுதல்.

படகை விட்டு இறங்கி நடந்தால் தெரிகிற பிச்சாவரம் வேறு. கழி ஓரத்தில் இருளர் குடியிருப்புகள் உண்டு. வலையும் படகும் இல்லாமல் மீன் பிடிக்கிறவர்கள் அவர்கள். வற்றத்தில் கழுத்தளவு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போவார்கள். இறால் விரலில் படும். பட்ட நொடியில் சேற்றோடு அமுக்கிப் பிடித்து, பனையோலையில் முடைந்த பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்வதால் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொள்வது வழக்கம். பெண்களும் இதே வேலை செய்கிறார்கள். சிப்பி கிழித்த தழும்பு இல்லாத விரல் அவர்களில் யாருக்கும் கிடையாது. சுரபுன்னை வேரின் அழகைப் படம் எடுக்கிறோமே, அந்த வேரில் அப்பியிருக்கும் சிப்பிதான் கிழிப்பது.

மீனவர் என்ற கணக்கில் கடலோரச் சமூகங்கள் வருகின்றன. பழங்குடி என்ற கணக்குக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இந்த இருளர்கள் நெடுங்காலம் நின்றார்கள். சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து நிவாரணம் வாங்குவது வரை எல்லாவற்றிலும் இழுபறி. நடுக்காடு பச்சையானதில் வாய்க்கால் வெட்டிய, கன்று நட்ட கைகள் இவர்களுடையதும்தான்.

கிள்ளைக்கு மாலையில் போவது நல்லது. முடசலோடைப் பக்கம் படகுகள் வந்து சேரும் இடத்தில் மீன் ஏலம், பனிக்கட்டி லாரி, வலை பழுது பார்க்கிறவர்கள். கழி மீனுக்குத் தனி ருசி என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்வார்கள்: மடவை, கொடுவா, களிநண்டு. கொடுவாயும் மடவையும் வெள்ளை இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழியில் கழித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவை. கடலில் இழுவலை போடுகிறவர் பிடிக்கும் இறாலும் ஒரு காலத்தில் இந்த வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்ந்ததாக இருக்கலாம்.

மாசியில் வந்தால் இன்னொன்று பார்க்கலாம். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் அத்தனை தூரம் புறப்பட்டுக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் கிள்ளையில் ஒரு தர்கா முன்னால் பல்லக்கு நிற்கும். இரு தரப்பும் மரியாதை மாற்றிக்கொள்ளும். மத நல்லிணக்கம் என்று செய்தித்தாள்கள் வருடாவருடம் எழுதும். ஊர்க்காரர்களைக் கேட்டால் அவ்வளவு பெரிய வார்த்தை வராது. "சாமி வரும், நிக்கும், போகும்" என்பார்கள்.

அன்றைக்கும் மீனவர்களின் பேச்சு முகத்துவாரத்தில்தான் வந்து நிற்கும். மணல் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, படகு தரை தட்டாமல் போகிறதா, வாய் எவ்வளவு அகலமாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் ஒரு வருடம் வாயைத் திறந்துவிடும். அடுத்த வருடம் கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து அடைக்கும். படகுக்காரருக்கு அது டீசல் கணக்கு, உயிர்க் கணக்கு. வாய் குறுகினால் ஏற்றம் குறையும். கழியில் குறைகிற அந்த நாலு விரல் தண்ணீர் முதலில் எட்டாமல் போவது மீன்முள் வாய்க்காலின் கடைசி முள்ளுக்கு.